வெற்றிலைக்குள் நின்ற மயில்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் மேகலா என்னை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். அழைத்துப் போனாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவள் நாலடி முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். பதினைந்து வயதிலிருந்தே அவள் என்னோடு தெருவில் இப்படித்தான் நடக்கிறாள். சேலை கட்டிய அம்மாவோடு ஒட்டி நடந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்களாம். பார்க்கட்டுமே, பார்ப்பதற்குத்தானே கண் இருக்கிறது. இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயதாகிறது. பழக்கம் மட்டும் போகவில்லை.

நான் இருக்கும் இந்த ஜெர்மானியச் சிற்றூரில் இந்த வருஷம் முழுக்க ஒரே விழா. ஐந்நூறு வருஷங்களுக்கு முன்னால் பிறந்த ஒரு துறவிக்கு எடுக்கிறார்கள். ரோமாபுரியில் இருந்த போப்பாண்டவரையே எதிர்த்து நின்றவர் அவர். அவர் பேச்சைக் கேட்டவர்கள் புராட்டஸ்டண்டுகள் ஆனார்கள், கேட்காதவர்கள் கத்தோலிக்கர்களாகவே இருந்தார்கள். அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக இரண்டு தரப்பும் வெட்டிக்கொண்டு மடிந்திருக்கின்றன. இன்றைக்கு அந்த இரண்டு தரப்பின் கோயில்களும் ஒரே சதுக்கத்தில் எதிரெதிரே நின்றுகொண்டு, ஒன்று அடித்து முடித்தபின் மற்றொன்று என்று மணியடிக்கின்றன. காலம் எதைத்தான் ஆற்றாது!

விழாவை ஒட்டி, அந்தச் சண்டைக் காலத்தில் அச்சடித்துச் சந்தைகளில் விற்ற படங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். மேகலா பழைய ஓவியங்களைப் பற்றிக் கல்லூரியில் படிக்கிறாள். அருங்காட்சியகத்தில் பகுதிநேர வேலையும் பார்க்கிறாள். ஆகவே எனக்கு நுழைவுச்சீட்டு வேண்டியிருக்கவில்லை.

மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்த படங்கள் அவை. முதல் படத்திலேயே நின்றுவிட்டேன். கழுதைத் தலை, பெண்ணின் உடம்பு, மேலெல்லாம் மீன் செதில். அதுதான் போப்பாண்டவராம். எதிர்ச் சுவரில் ஒரே உடம்பில் ஏழு தலைகளோடு ஒரு துறவி நின்றார். அது விழா நாயகர்தான், எதிர்த்தரப்பு அச்சடித்தது. இன்னொன்று இரட்டைப் படம். இடப்பக்கம் ஏசுநாதர் குனிந்து சீடர்களின் காலைக் கழுவுகிறார். வலப்பக்கம் போப்பாண்டவர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ராஜாக்கள் மண்டியிட்டு முத்தமிடுகிறார்கள். ஓர் எழுத்துக்கூடத் தெரியாதவனுக்கும் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று ஒரே பார்வையில் புரிந்துவிடும். யாரோ ஒரு தச்சன் மகன் உளியை வைத்துக்கொண்டு சாம்ராஜ்யங்களை ஆட்டிவைத்திருக்கிறான். நானூறு வருஷத்துக்கு மேலாகியும் மை இன்னும் கன்னங்கரேலென்று இருந்தது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அந்தப் படங்களுக்காக அல்ல. கடைசி அறையில் இருந்த ஒரு சின்னப் படத்துக்காக. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன், திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டுச் சுவரில்.

2

அதற்குள் போவதற்கு முன்னால் இந்த நாட்டு மதக்கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க்காரர்கள் சிரிப்பதற்கு உதவும்.

என் வீட்டுக்காரர் தறி இயந்திரத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து இங்கே வந்தார். பின்னாலேயே நான் வந்தேன். எனக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. துவைத்து வந்த படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை. நெசவுக்காரன் மகளுக்குத் துணியைத் தொட்டுக்கொண்டே இருக்கிற வேலை கிடைத்தது முருகன் செயல்தான். இன்றைக்கும் காலை ஆறு மணிக்குப் போய், இழையைத் தடவிப் பார்த்து, இது எத்தனை நாள் உழைக்கும் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டுதான் மடிக்கிறேன்.

அந்த இல்லத்தை நடத்துவது புராட்டஸ்டண்ட் சபை. நகராட்சி அலுவலகத்தில் என்னைப் பதிவு செய்த எழுத்தர், வேலை செய்யுமிடத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மதம் என்ற கட்டத்தில் அவராகவே புராட்டஸ்டண்ட் என்று போட்டுவிட்டார். எனக்கு அது தெரியாது. சபையில் சேர்ந்தவர்களிடம் அரசாங்கமே சம்பளத்தில் பிடிக்கிற கோயில் வரியை என்னிடமும் பிடித்தபோதுதான் தெரிந்தது. போய்க் கேட்டேன். "அப்படியானால் நீங்கள் சபையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும்" என்றார் அதிகாரி. "நுழையாத வீட்டிலிருந்து எப்படி ஐயா வெளியே வருவது?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நுழையவில்லை என்பதற்குச் சான்று இருக்கிறதா என்று கேட்டார்.

கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். இப்போது என் பெயருக்கு எதிரே "மற்றவை" என்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வெள்ளைக்காரப் பாதிரிகள் வெயிலில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு அலைந்தும் செய்ய முடியாததை, இங்கே ஓர் எழுத்தர் பேனாவைத் திறந்து ஒரு கணத்தில் செய்துவிட்டார்.

மொழி விஷயமும் இதே கூத்துதான். வந்த புதிதில் செர்ரிப் பழக் கடையில் போய், "அரைக் கிலோ தேவாலயம் கொடுங்கள்" என்று கேட்டவள் நான். அவர்கள் மொழியில் இரண்டு சொல்லும் என் காதுக்கு ஒன்றுபோலவே இருந்தன. கடைக்காரி பொட்டலம் கட்டும் வரைக்கும் சிரித்தாள். மேகலாவுக்கு அப்போது ஐந்து வயது. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை, முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். அவள் என்னிடமிருந்து விலகி நடக்க ஆரம்பித்தது அந்தக் கடையில்தானோ என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

3

இனி எங்கள் வீட்டுச் சுவருக்கு வருகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். என் அம்மா பாவாயி நிறைமாத கர்ப்பிணி. திருச்செங்கோட்டு மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், படியேறுகிற வழியில் பாறையிலேயே ஒரு பெரிய நாகம் செதுக்கியிருக்கும். அதன் மேல் குங்குமத்தைக் கொட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் பெண்கள் மேலே முருகனைப் பார்க்கப் போவார்கள். அம்மா ஒவ்வொரு வைகாசி விசாகத்துக்கும் ஏறுகிறவள். அந்த வருஷம் தெருப் பெண்கள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஏறினால் பாதியில் பிரசவம் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்கள். அம்மா மலையைப் பார்த்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

அந்த வாரம் அப்பா மல்லசமுத்திரம் சந்தைக்குத் துண்டு விற்கப் போயிருந்தார். திரும்பி வந்து துணி மூட்டையை அவிழ்த்தபோது, கசங்காமல் சுருட்டிய காகிதம் ஒன்று உள்ளேயிருந்து வந்தது. அம்மா பிரித்தாள்.

மேலே ஒரு மனிதனின் தலை. அதன் கீழே வெற்றிலை வடிவத்தில் பெரிதாக ஒன்று. அந்த வெற்றிலைக்குள் தோகையோடு ஒரு மயில், நெளிகிற பாம்பு, ஆட்டுக்கடா, பன்றி, ஆமை, புலி, தவளை. நட்டநடுவில் கொம்பு வைத்த ஒருவன் கையில் ஆயுதத்தோடு நின்றான். அடியில் நாலு வரி அச்செழுத்து. எங்கள் வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை.

"ஏனுங்க, இதை யாரு குடுத்தாங்க?" என்றாள் அம்மா. குரல் மாறியிருந்தது.

"சந்தையில உபதேசியாரு ஒருத்தரு வாரவங்க போறவங்களுக்கெல்லாம் குடுத்தாரு. சும்மாதான் குடுத்தாரு."

"சும்மா குடுக்கற படமா இது? நல்லாப் பாருங்க. வெத்தலைக்குள்ள மயிலு நிக்குது. கீழ பாம்பு, நம்ம மலைப் பாம்பு. கெடாயும் இருக்குது, அதுவும் அவன் வாகனந்தான். நடுவுல கொம்பு வெச்சுக்கிட்டு நிக்கறவன் யாரு? சூரன்!"

அப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரி பாவாயி. முருகனைக் காணமே?"

"மயிலு வாசல்ல நின்னா ஆளு ஊட்டுக்குள்ளதான இருக்கோணும்?" என்றாள் அம்மா. பிறகு அந்தக் காகிதத்தை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அழுதாள். இந்த அழுகை வேறு. "நான் மலையேற முடியலீன்னு அவனே எறங்கி வந்துட்டானுங்க."

அன்றைக்கே தறிக்கு மேலே சுவரில் ஒட்டி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பூச்சரம் போட்டாள். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். மயிலைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை குவிந்தது. அடுத்த சந்தையில் கேட்டு வாங்கி வந்து, தெருவில் இன்னும் நாலைந்து வீடுகளில் அதே படத்தை ஒட்டிவிட்டார்கள்.

4

தான் கொடுத்த படத்துக்குப் பூப்போட்டுக் கும்பிடுகிறார்கள் என்ற செய்தி உபதேசியாருக்குப் போயிருக்கிறது. மிஷனில் வேலை செய்த நம் பக்கத்து மனிதர்தான் அவர். தலையில் வெள்ளை முண்டாசு, கையில் குடை. ஒரு குடும்பம் கிறிஸ்தவ வேதத்துக்கு வருகிறது என்று நினைத்துக்கொண்டுதான் அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும், முகமெல்லாம் மலர்ச்சியாக இருந்தது. சுவரைப் பார்த்ததும் மலர்ச்சி போய்விட்டது.

"அம்மா, இது சாமி படம் இல்லீங்க. இது மனுசனோட இருதயம். பாவம் குடியிருக்கற இருதயம். நடுவுல நிக்கறது பிசாசுங்க. மயிலுன்னா ஆணவம். பாம்புன்னா பொறாமை. பன்னின்னா பெருந்தீனி. புலின்னா கோவம். இதெல்லாம் நம்ம நெஞ்சுக்குள்ள உக்காந்திருக்குதுன்னு காட்டறதுக்காக அச்சடிச்சது."

"அதையேதானுங்க நானும் சொல்றேன்" என்றாள் அம்மா, தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றுவதை நிறுத்தாமல். "நெஞ்சுக்குள்ள சூரன் உக்காந்திருக்கறான். ஆணவம் புடிச்சவன். அவனை மயிலாக்கி முதுகு மேல ஏறி உக்காந்தவன் யாருங்க?"

உபதேசியார் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் போனார். பாவம், அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தில் இந்தக் கேள்வி இருந்திருக்காது. அடியில் இருந்த நாலு வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். அம்மா கவனமாகக் கேட்டாள். "நல்லாத்தானுங்க எழுதியிருக்கறாங்க" என்றாள்.

"கும்பிடக் கூடாதுங்கம்மா. அந்தப் பூவையாவது எடுத்துடுங்க."

"நீங்க குடுத்தீங்க, நாங்க வெச்சிருக்கறோம். குடுத்தவங்க இப்படிச் சொல்லலாமுங்களா? உக்காருங்க, மோர் குடிச்சிட்டுப் போலாம்."

உட்கார்ந்தார், மோர் குடித்தார். போகும்போது வாசலில் நின்று ஒருமுறை அந்த மயிலைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய முன்னோரும் எங்கள் மலையேறியவர்கள்தானே.

5

உபதேசியார் போனாலும் வம்பு போகவில்லை. மிஷன் படங்களுக்குப் பதில் சொல்லச் சேலத்திலிருந்து ஓர் இந்து சபைக்காரர் வந்தார். அவரும் படக்கட்டோடுதான் வந்தார். மிஷன் படம் கறுப்பு வெள்ளை, இவருடையது பலவர்ணம். பசுவின் உடம்பு முழுக்கத் தேவர்கள் நிற்கிற படம் ஒன்று. எமலோகத்துத் தண்டனைகள் ஒன்று. அதில் பொய் சொன்னவனின் நாக்கை இழுக்கிறார்கள். கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரையில் கிடந்தவர்களில் ஒருவன் மட்டும் தலையில் வெள்ளைக்காரத் தொப்பி போட்டிருந்தான். அது யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெருவே சுற்றி நின்று வாய்பிளந்து பார்த்தது. நானும்தான். போன ஞாயிற்றுக்கிழமை கழுதைத் தலைப் போப்பாண்டவரைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் தொப்பிக்காரன்தான். கண்டம் வேறு, நூற்றாண்டு வேறு, கைவேலை ஒன்று.

சபைக்காரர் பேச்சின் முடிவில், "பாதிரி கொடுத்த படத்தை வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமை மாலை பாவடிக்குக் கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கொளுத்துவோம்" என்றார். பாவடி என்பது எங்கள் நெசவுத் தெருக்காரர்கள் பாவு நீட்டுகிற பொதுத் திடல். எங்கள் நாட்டாமைக்காரர் எழுந்து நின்று அதற்கு ஒரு முடிச்சும் போட்டார். "கொண்டு வராத ஊட்டுப் பாவை ஒருத்தரும் தொடக் கூடாது."

அந்த முடிச்சின் கனம் நெசவு தெரியாதவர்களுக்குப் புரியாது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. அதை விடியற்காலையில் திடலில் நீட்டி, கஞ்சியில் நனைத்து, காய்வதற்குள் தூரிகையால் நீவி இழை பிரித்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஏழெட்டுப் பேராவது கூடவே ஓட வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் முடியாது. இன்றைக்கு உன் பாவு, நாளைக்கு என் பாவு என்று தெருவே கைகொடுக்கிற வேலை. கை வராவிட்டால் நூல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிடும். அந்தப் பாவு போச்சு, தறி நின்றுவிடும், அடுப்பும் நின்றுவிடும். எங்கள் பாவு சனிக்கிழமைக்கு வைத்திருந்தது.

"பாவாயி, ஒரு காயிதந்தான? குடுத்துருவோம்" என்று அப்பா கெஞ்சினார். அவர் சாது. யாரிடமும் குரல் உயர்த்தாதவர்.

"நெசவில்லைன்னா கஞ்சியில்லை, அது தெரியாமயா பேசறேன்?" என்றாள் அம்மா. "மயிலை நெருப்புல போட்டுட்டு அந்தக் கஞ்சியைக் குடிச்சா தொண்டையில எறங்குமுங்களா? நான் போக முடியலீன்னு என்னைத் தேடி வந்தவனுங்க. வந்தவனை எரிக்கச் சொல்றீங்களா?"

வெள்ளிக்கிழமை மாலை பாவடியில் நெருப்பு எரிந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் படங்களைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். சில பெண்கள் போடுவதற்கு முன்னால் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஒன்றும் போகவில்லை.

6

சனிக்கிழமை விடியற்காலை அப்பா மட்டும் பாவைத் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போனார். நானும் கஞ்சிச் சட்டியோடு போனேன். முளைக்கம்புகளை நட்டு, பாவை நீட்டி, இழுத்துக் கட்டினோம். தெரு ஆண்கள் வேப்பமரத்தடியில் கைகட்டிக்கொண்டு நின்றார்கள். நாட்டாமைக்காரரும் சபைக்காரரும் முன்னால் நின்றார்கள். ஒருத்தர்கூட அசையவில்லை. யாராவது ஒருவர் வருவார் என்று அப்பா நம்பியிருக்கிறார் போலிருக்கிறது. கிழக்கே வெளுத்ததும், வேறு வழியில்லாமல் கஞ்சியை எடுத்துப் பாவில் போட ஆரம்பித்துவிட்டார். கஞ்சி போட்ட பாவு காத்திருக்காது.

அப்போது அம்மா வந்தாள். நிறைவயிற்றோடு மெல்ல மெல்ல நடந்து வந்தாள். கையில் அந்தப் படம். சுவரிலிருந்து பெயர்த்ததில் ஓரம் கிழிந்திருந்தது.

எந்தப் பாவாக இருந்தாலும் தலைப்பில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் தூரிகையைத் தொடுவது எங்கள் வழக்கம். அம்மா பிள்ளையாருக்குப் பக்கத்தில் கம்பில் அந்தப் படத்தைச் சாய்த்தாள். பூச்சரத்தை நேராக்கினாள். கற்பூரம் ஏற்றினாள். அந்த மங்கல் வெளிச்சத்தில் மயில் தோகை விரித்தது போலவே இருந்தது. மை வைத்த கண் பளபளத்தது. நான் கும்பிட்டேன். அப்பா கஞ்சிக் கையோடு கும்பிட்டார்.

மரத்தடியில் நாட்டாமைக்காரரின் கைகள் எழுந்தன.

அவர் எழுப்பவில்லை, அவையாகவே எழுந்தன. கட்டியிருந்த கை பிரிந்து, மார்புக்கு வந்து, குவிந்து, தலைக்கு மேலே போய்விட்டது. பிறந்ததிலிருந்து மயிலைக் கண்டால் கும்பிட்ட கைகள், தடை உத்தரவு அவற்றுக்கு எப்படித் தெரியும்? அவருடைய உத்தரவுதான், ஆனாலும் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற ஆண்களின் கைகளும் வரிசையாக எழுந்தன. எத்தனையோ கோயில் பார்த்துவிட்டேன். அந்தக் காட்சிக்கு ஈடாக ஒன்றைப் பார்த்ததில்லை.

சபைக்காரர் பதறிவிட்டார். "ஐயா, அது பாதிரி படம்!"

"தெரியுமுங்க" என்றார் நாட்டாமைக்காரர். கை இன்னும் இறங்கவில்லை. "ஆனாக் கும்பிட்டுட்டனே."

அம்மாதான் பேசினாள். ஜெயித்த குரலில்லை, வேலை நேரத்துக் குரல். "மாமா, பாவு காயுதுங்க."

அவ்வளவுதான். நாட்டாமைக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து தூரிகையை எடுத்தார். அவர் வந்ததும் தெருவே வந்தது. இரண்டு பக்கமும் ஓடி ஓடி நீவினார்கள். ஓர் இழைகூட ஒட்டவில்லை. சபைக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பலவர்ணப் படக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ராசிபுரம் போகிற வண்டியைப் பிடித்தார்.

அடுத்த வாரம் எனக்குத் தம்பி பிறந்தான். மயில்சாமி என்று பெயர் வைத்தார்கள். உபதேசியார் வந்து பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார். பெயரைக் கேட்டுச் சிரித்தார் என்று அம்மா சொல்வாள்.

7

அந்தப் படத்தில் அம்மா தினமும் குங்குமம் வைத்து வைத்து, நான் கல்யாணமாகிப் போகிற காலத்தில் மயில் மட்டும்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் சிவப்பு. அம்மா போனபோது அவளோடு சேர்த்து மண்ணில் வைத்துவிட்டார்கள் என்று தம்பி எழுதியிருந்தான்.

ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகத்தின் கடைசி அறையில் கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்ததும் கண்ணாடியை ஒட்டிப் போய் நின்றேன். அதே வெற்றிலை. அதே மயில், பாம்பு, கடா. கொம்பு வைத்தவனின் முகத்தைப் பல வருஷங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் குங்குமம் இல்லாமல் மறுபடி பார்த்தேன். இளைத்துப் போய்ப் பாவமாக இருந்தான்.

மேகலா குறிப்பட்டையைப் படித்துத் தமிழில் சொல்ல முயன்றாள். அவளுடைய தமிழ் மொட்டைத் தமிழ். "இது முதல்ல கத்தோலிக்க சாமியார் பண்ணது அம்மா. படிக்கத் தெரியாத ஆளுக்குக் காட்ட. அப்பறம் புராட்டஸ்டண்ட் ஆளு எடுத்தாங்க. அவங்களும் பிரிண்ட் பண்ணி, ஆப்பிரிக்கா, இந்தியா, எல்லா இடமும் அனுப்பினாங்க. மயில்னா, ம்ம், திமிர்."

கேட்டுக்கொண்டே நின்றேன். ஒருவரையொருவர் கழுதையென்றும் ஏழுதலைப் பிராணியென்றும் அச்சடித்துத் தூற்றிக்கொண்டவர்கள், இந்த ஒரு படத்தை மட்டும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கியிருக்கிறார்கள். அது கடல் தாண்டி, மல்லசமுத்திரம் சந்தைக்கு வந்து, அப்பாவின் துணி மூட்டைக்குள் ஏறி, மலையேற முடியாமல் அழுத ஒருத்தியிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அனுப்பியவர்கள் என்ன நினைத்து அனுப்பினார்களோ, எனக்குத் தெரியாது. வந்து சேர்ந்தது எது என்று எனக்குத் தெரியும். எப்போது செருப்பைக் கழற்றினேன் என்று தெரியவில்லை. கை குவிந்து தலைக்கு மேலே போயிருந்தது. கண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

காவலர் வேகமாக வந்தார். வயதானவர், நீலச் சீருடை, தொப்பி. வெறுங்காலோடு ஒருத்தி கண்ணாடிக்கு நேரே கையைத் தூக்கி நிற்கிறாள் என்றால் அவர் வரத்தானே வேண்டும். மேகலா அடுத்த படத்துக்குப் போய்விட்டிருந்தாள், வழக்கமான நாலடி தூரத்தில். அவள் முகம் செர்ரிப் பழக்கடையில் சிவந்தது போலவே சிவந்ததைப் பார்த்தேன். கையை இறக்கிவிட நினைத்தேன். இறங்கவில்லை.

அவள் திரும்பி வந்தாள். எனக்கும் காவலருக்கும் நடுவில் வந்து, என் தோளில் தோள் படும்படி நின்றுகொண்டாள். ஜெர்மானிய மொழியில் அவரிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஒரு நிமிடம் பொறுங்கள். என் பாட்டி வீட்டில் இந்தப் படம் இருந்தது. அம்மா சாமி கும்பிடுகிறார்." சாமி என்ற சொல்லை மட்டும் தமிழிலேயே சொன்னாள். அதற்கு அவளுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை போலும்.

பாட்டி வீட்டுக் கதையை எப்போதோ அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தூங்க வைக்கச் சொல்லியிருக்கிறேன். அது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

காவலர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டார். கோயிலில் ஜெபம் சொல்லும்போது இந்த ஊர் ஆண்கள் நிற்பார்களே, அப்படி. அவர் எந்தக் கோயில் மணிக்குப் போகிறவர் என்று நான் கேட்கவில்லை. சற்றுப் பொறுத்து அவர் குனிந்து கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தார். மேகலாவிடம் தணிந்த குரலில், "இதில் உங்கள் சாமி எங்கே இருக்கிறார்?" என்று கேட்டார்.

மேகலா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக அவள் அவருக்கு மாற்றிச் சொன்னாள். "மயில் வாசலில் நிற்கிறது. அப்படியானால் அவர் உள்ளே இருக்கிறார்."

அவர் தலையாட்டினார். நாங்கள் அந்த அறையை விட்டு வெளியே வரும் வரைக்கும் தொப்பியைத் திரும்பப் போடவில்லை. படியிறங்கும்போது செருப்பை மேகலாதான் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள், என் பக்கத்திலேயே.